தபாலில் வாடிக்கையாளரை அழைக்கும் செலவைக் குறைப்பது எப்படி: நெல்லை வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் கடை நடத்துகிறவர்களில் பலர், பண்டிகைக்கும் கல்யாணப் பருவத்துக்கும் முன்னால் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் அழைப்பு அனுப்பும் வழக்கத்தை இன்னும் விட்டுவிடவில்லை. கைபேசியில் வந்து குவியும் விளம்பரச் செய்திகளைப் படிக்காமலே அழித்துவிடுகிறவர்கூட, தன் பெயர் எழுதிய ஒரு கவர் வீடு தேடி வந்தால் பிரித்துப் பார்க்கிறார். ஆனால் காகிதம், அச்சு, தபால் தலை, கூலி என்று எல்லாம் சேர்ந்தபின் கடைசியில் வரும் தொகை பலரை அடுத்த ஆண்டு தயங்க வைக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியதும் பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடம் அச்சகம். பேரம் பேசி அங்கே குறைக்கக்கூடியது மிகச் சிறிய தொகை. பெரிய தொகை மிஞ்சுவது அச்சகத்துக்குப் போகும் முன்பே, முகவரிப் பட்டியலிலும் தராசிலும்தான். ஆகவே முதலில் பட்டியல், அடுத்தது எடை, அதன் பிறகே அச்சு என்ற வரிசையில் வேலையைத் தொடங்க வேண்டும்.

கணக்குக்காக 4000 முகவரிகள் வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு கடிதத்துக்கு அச்சுச் செலவு இரண்டரை ரூபாய், கவர் ஒரு ரூபாய், மடித்து ஒட்டும் கூலி ஐம்பது காசு, தபால் தலை 5 ரூபாய் என்று வைத்தால் 9 ரூபாய் ஆகிறது. மொத்தச் செலவு 36,000 ரூபாய். இதில் தபால் தலைக்கு மட்டும் 20,000 ரூபாய் போய்விடுகிறது. அச்சகத்தில் பத்து சதவீதம் குறைத்து வாங்கினாலும் மிஞ்சுவது 1000 ரூபாய்தான். பட்டியலில் பயனற்றுக் கிடக்கும் 1500 பெயர்களை நீக்கினாலோ 13,500 ரூபாய் மிஞ்சுகிறது. மாறாக, கடிதத்தின் எடை 20 கிராமைத் தாண்டி 21 கிராம் ஆகிவிட்டால் அதே 4000 கடிதங்களுக்கு இன்னும் 20,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், கவனத்தை எங்கே செலுத்த வேண்டும் என்பது விளங்கும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஒரு கடிதத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று பார்ப்பதைவிட, கடைக்கு வந்து பொருள் வாங்கிய ஒருவருக்கு எவ்வளவு ஆயிற்று என்று பார்ப்பதே சரியான அளவுகோல். 36,000 ரூபாய் செலவில் 60 பேர் வந்தால் ஆளுக்கு 600 ரூபாய். 22,500 ரூபாய் செலவில் 55 பேர் வந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 410 ரூபாய். ஐந்து பேர் குறைந்தாலும் இரண்டாவதே மேலான ஏற்பாடு.

பட்டியலைச் சுத்தம் செய்தல்

கடையின் முகவரிப் பட்டியல் பெரும்பாலும் பில் போடும் கணினியிலிருந்தும், குலுக்கல் கூப்பன்களிலிருந்தும், பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்தும் சேர்ந்ததாக இருக்கும். எனவே ஒரே ஆளின் பெயர் இரண்டு மூன்று தடவை இருப்பது இயல்பு. எங்கள் பக்கத்தில் இதைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. நெல்லையப்பன், சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சியம்மாள் என்ற பெயர்கள் ஒரே தெருவில் நான்கு வீடுகளில் இருக்கும். அதே சமயம் பேச்சிமுத்து என்ற ஒரே ஆள் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். பெயரை மட்டும் பார்த்து நீக்கினால் வேறு வேறு ஆட்கள் போய்விடுவார்கள். பெயர் வேறு என்று விட்டால் ஒரே ஆளுக்கு மூன்று கடிதம் போகும். கைபேசி எண்ணையும் பின்கோட்டையும் சேர்த்து அடையாளமாக வைத்து வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவுகள் அடுத்தடுத்து வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு கதவு எண்ணை வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். அண்ணன், தம்பி, மருமகள் என்று ஒரே வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகப் பில் போட்டிருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போதும். பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் உள்ள தெருக்களில் இந்தச் சோதனையைக் கண்ணால் பார்த்துத்தான் செய்ய முடியும்.

ஊர்ப் பெயர்களில் உள்ள குழப்பம் தனிக் கதை. பாளை என்றும் பாளையங்கோட்டை என்றும், அம்பை என்றும் அம்பாசமுத்திரம் என்றும், கல்லிடை என்றும் கல்லிடைக்குறிச்சி என்றும் பதிந்திருப்பதைக் கணினி வெவ்வேறு ஊராகவே எண்ணும். வி.கே.புரம் என்றால் பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரம், வி.கே.புதூர் என்றால் தென்காசி மாவட்டத்து வீரகேரளம்புதூர். அவசரத்தில் வெறும் வி.கே. என்று எழுதி வைத்தவர் எந்த ஊரை நினைத்தார் என்பதைப் பின்கோடுதான் சொல்லும். புதூர், புதுக்குடி, புதுப்பட்டி போன்ற பெயர்களில் பல ஊர்கள் இருப்பதால், அந்த முகவரிகளில் பின்கோடு இல்லையென்றால் தொலைபேசியில் கேட்டு நிரப்பிக்கொள்ளும்வரை கடிதம் அனுப்பாமல் இருப்பதே சிக்கனம்.

பின்கோட்டின் முதல் மூன்று எண்கள் கடிதம் பிரிக்கப்படும் வட்டாரத்தையும், கடைசி மூன்று எண்கள் கடிதத்தை வீட்டில் கொண்டு சேர்க்கும் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. மாநகருக்குள் இருக்கும் எல்லா முகவரிக்கும் 627001 என்று போட்டுவிடும் பழக்கம் கடைகளில் பரவலாக உள்ளது. பாளையங்கோட்டை 627002, திருநெல்வேலி டவுன் 627006 என்று பிரித்து எழுதினால் கடிதம் சுற்றி அலையாமல் நேரே போய்ச் சேரும். சலுகைக்குக் கடைசித் தேதி குறித்த கடிதத்துக்கு இது முக்கியம். தூத்துக்குடி மாவட்டம் 1986-ஆம் ஆண்டு தனியாகப் பிரிந்தது; அந்தப் பக்கத்து முகவரிகள் 628 என்று தொடங்கும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிந்தபோது பின்கோடுகள் மாறவில்லை. தென்காசி 627811 என்றும், சங்கரன்கோவில் 627756 என்றும்தான் இன்றும் தொடர்கின்றன. ஆகவே மாவட்டப் பெயரைத் திருத்துவதற்காகவே அச்சடித்த லேபிள்களைத் தூக்கி எறிய வேண்டிய அவசியமில்லை.

அடுத்த வேலை, யாருக்கு அனுப்பக் கூடாது என்று தீர்மானிப்பது. கடைசியாக எப்போது வந்தார், எத்தனை தடவை வந்தார், எவ்வளவுக்கு வாங்கினார் என்ற மூன்று தகவல்கள் பில் கணினியில் இருக்கின்றன. அவற்றை வைத்துப் பட்டியலை மூன்று கூறாகப் பிரிக்கலாம். எத்தனை ஆண்டு வராதவரை நீக்குவது என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஜவுளிக்கடைக்கு இரண்டு தீபாவளிக்கு வராதவர் வேறு கடைக்குப் பழகிவிட்டார் என்று கொள்ளலாம். நகைக்கடைக்கு ஐந்தாண்டு வராதவரும் மகள் கல்யாணத்துக்கு வந்து நிற்பார். தூரத்தையும் பார்க்க வேண்டும். தென்காசியிலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ ஒருவர் கல்யாண ஜவுளிக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வருவார். சட்டைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி என்பதற்காகப் பேருந்து ஏறமாட்டார். சாதாரணத் தள்ளுபடிக் கடிதத்தை மாநகருக்குள்ளும் அதை ஒட்டிய ஊர்களுக்குள்ளும் நிறுத்திக்கொண்டு, வெளியூர்களுக்குக் கல்யாணப் பருவக் கடிதத்தை மட்டும் அனுப்பினாலே பல கடைகளின் செலவு பாதியாகக் குறையும் என்பது என் கணிப்பு.

திரும்பி வரும் கடிதங்களை எரிச்சலோடு குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. பட்டியலைத் திருத்த அதைவிட மலிவான வழி வேறில்லை. கவரின் வெளியே அனுப்புநர் முகவரி பின்கோட்டோடு தெளிவாக இருந்தால்தான் கடிதம் திரும்பி வரும். தபால்காரர் அதில் எழுதும் குறிப்பைப் பார்த்துத்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். குடிபெயர்ந்தவருக்குத் தொலைபேசியில் ஒருமுறை பேசிப் புதிய முகவரி கேட்கலாம். வீடு பூட்டியிருக்கிறது என்ற குறிப்பு நம் ஊர்களில் பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கும் குடும்பத்தைக் குறிக்கும். அவர்கள் கோயில் கொடைக்கும் பங்குனி உத்திரச் சாஸ்தா வழிபாட்டுக்கும் ஊருக்கு வருகிறவர்கள் என்பதால், பெயரை அடிக்காமல் தனிப் பட்டியலில் வைத்து, அந்தச் சமயத்தில் மட்டும் அனுப்பலாம். காலமானார் என்று குறித்து வந்தால் அந்தப் பெயரை அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். இறந்தவர் பெயருக்குத் தள்ளுபடி அழைப்பு மறுபடியும் போய் விழுந்தால் அந்த வீட்டார் கடையை மறக்கமாட்டார்கள். ஆனால் நல்லவிதமாக நினைக்கவும் மாட்டார்கள்.

வெளியே விற்கப்படும் முகவரிப் பட்டியல்களை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் கடையை அறியாதவருக்குப் போகும் கடிதத்தில் பெரும்பகுதி வீண். மேலும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நிலையில், ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் கைமாறிய விவரங்களைக் கணினியில் வைத்துப் பயன்படுத்துவது வேண்டாத தொல்லை. பில் போடும்போதே, கடைச் செய்திகளைத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எளிது. அனுப்ப வேண்டாம் என்று சொல்கிறவரும் ஒரு வகையில் நமக்கு 9 ரூபாய் மிச்சப்படுத்துகிறவரே.

எடையும் தபால் வகையும்

சாதாரணக் கடிதத்துக்கு ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபாய் என்பதே கட்டணம். 20-ஐத் தாண்டிய அரை கிராமும் அடுத்த 20 கிராமாகவே கணக்காகும். எனவே வடிவமைப்பாளரிடம் போகும் முன் உள்ளே எவ்வளவு காகிதம் வைக்கலாம் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால், காகிதத்தின் ஜிஎஸ்எம் எண்ணை (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதை) பதினாறால் வகுத்தால் ஒரு தாளின் எடை கிடைத்துவிடும். 70 ஜிஎஸ்எம் தாள் 4.4 கிராம், 80 ஜிஎஸ்எம் தாள் 5 கிராம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் 8 கிராமுக்குச் சற்று மேல். ஒரு 9×4 கவர் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், 80 ஜிஎஸ்எம்மில் ஒரு கடிதமும் 130 ஜிஎஸ்எம்மில் ஒரு வண்ணத் தாளும் சேர்ந்து 18 கிராம் ஆகும். இது எல்லைக்கு உட்பட்டதுதான். ஆனால் பசையும் தபால் தலையும் முகவரி லேபிளும் சேரும்போது நெருக்கத்தில் வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும். ஆகவே 17 கிராமுக்கு மேல் போகாமல் வடிவமைப்பதே பாதுகாப்பு. அச்சுக்குக் கொடுக்கும் முன், அதே காகிதத்தில் வெற்றுத் தாள்களை வெட்டி மடித்துக் கவரில் போட்டு, தபால் தலை, லேபிள் எல்லாம் ஒட்டிய பத்துக் கவர்களை ஒன்றாக நகைத் தராசில் வைத்துப் பார்த்துப் பத்தால் வகுத்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

உள்ளே வைக்கும் வண்ணத் தாளை 130-இலிருந்து 90 ஜிஎஸ்எம்முக்கு இறக்கினால் இரண்டரை கிராம் குறையும். படிக்கிறவர் பெரும்பாலும் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பட்டுச் சேலையின் நிறம் துல்லியமாகத் தெரிய வேண்டிய நகை, ஜவுளிக் கடிதங்களுக்கு மட்டும் கனமான ஆர்ட் பேப்பர் தேவைப்படலாம். கவரையே விட்டுவிடுவது இன்னொரு வழி. 100 ஜிஎஸ்எம்மில் ஒரு ஏ4 தாளை மூன்றாக மடித்து, வெளிப்பக்கத்தில் முகவரிக்கு இடம் விட்டு, வாயை வட்ட ஸ்டிக்கரால் ஒட்டி அனுப்பினால் கவரின் விலையும் 5 கிராம் எடையும் கவரில் போட்டு ஒட்டும் கூலியும் ஒருசேர மிஞ்சும். ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் கடிதங்களைக் கையாளும் தபால்காரரின் விரலை அது கிழிக்கும்.

இன்லண்டு லெட்டரைப் பலர் மறந்தே போய்விட்டார்கள். அதன் விலை 2.50 ரூபாய், தபால் தலை, காகிதம், கவர் மூன்றும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. சமுதாயச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் கூட்ட அறிவிப்பை இன்லண்டு லெட்டரில் அச்சிட்டு அனுப்பும் வழக்கம் நம் பகுதியில் நெடுங்காலமாக உண்டு. வணிகர்களும் அதையே பின்பற்றலாம். உள்ளே வேறு எதையும் வைக்க முடியாது, வண்ணப் படம் எடுபடாது என்பவை அதன் குறைகள். ஆனால் கடை இடம் மாறிய செய்தி, சரக்கு வந்த செய்தி, சர்வீஸ் தேதியை நினைவூட்டும் செய்தி ஆகியவற்றுக்கு வண்ணம் தேவையில்லை. மேலே சொன்ன ஜவுளிக்கடைப் பட்டியலில் பயனற்ற பெயர்களை நீக்கியபின் எஞ்சும் 2500 பேரில் 1500 பேருக்கு இன்லண்டும், அதிகம் வாங்குகிற 1000 பேருக்குக் கவரும் அனுப்பினால், இன்லண்டில் அச்சுக்கு ஒரு ரூபாயும் கூலிக்கு ஐம்பது காசும் சேர்த்து 4 ரூபாய் என்ற கணக்கில், மொத்தச் செலவு 15,000 ரூபாயில் நிற்கும். இவ்வளவு எண்ணிக்கையில் இன்லண்டு லெட்டர் ஒரே அஞ்சலகத்தில் இருப்பு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தலைமை அஞ்சலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்க வேண்டும். அச்சகத்தில் வீணாகும் ஒவ்வொன்றும் இரண்டரை ரூபாய் என்பதால், அதே அளவு வெள்ளைத் தாளில் அச்சைச் சரிசெய்த பிறகே இன்லண்டை இயந்திரத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

அஞ்சலட்டை 50 காசுதானே, அதில் அச்சிட்டு அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 50 காசுக் கட்டணம் கையால் எழுதிய அட்டைக்கு உரியது. அச்சிட்ட செய்தி உள்ள அட்டைக்குத் தனிக் கட்டணம் 6 ரூபாய். அதாவது மூடிய கவரில் போகும் கடிதத்தைவிட ஒரு ரூபாய் அதிகம். இதை அறியாமல் ஆயிரம் அட்டைகளை அச்சிட்டுவிட்டால் திருத்த வழியில்லை. அதே சமயம், நெடுநாள் வாடிக்கையாளர்கள் நூறு பேருக்கு முதலாளி தன் கையாலேயே நாலு வரி எழுதி அனுப்பும் 50 காசு அட்டைக்கு ஈடாக எந்த அச்சுக் கடிதத்தையும் சொல்ல முடியாது. நூறு அட்டைக்குச் செலவு ஐம்பது ரூபாய். எழுத இரண்டு மத்தியான வேளைகள் போதும்.

திருமண அழைப்பிதழ்களை வாய் ஒட்டாத கவரில் வைத்து, புக் போஸ்ட் என்று எழுதி அனுப்புவது எல்லோருக்கும் பழக்கமானது. 50 கிராம் வரை 4 ரூபாய் என்பது அந்த வகையில் வழங்கிவந்த கட்டணம். 20 கிராமைத் தாண்டிய விலைப்பட்டியல், சிறு கேட்லாக் போன்றவற்றுக்கு இது பெரிய மிச்சம். ஆனால் அஞ்சல் துறையின் வகைகளும் விதிகளும் அண்மைக்காலத்தில் மாறிவருகின்றன. 2024 டிசம்பரில் பதிவு செய்யப்பட்ட புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட், பாடநூல்களுக்கும் பண்பாட்டு நூல்களுக்கும் உரியது. அதில் வணிக விளம்பரத்துக்கு இடமில்லை. எனவே புக் போஸ்டில் அனுப்ப நினைப்பவர், மாதிரிப் பிரதி ஒன்றைப் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ தலைமை அஞ்சலகத்தில் காட்டி, எந்த வகையில் எவ்வளவு கட்டணத்தில் ஏற்பார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். விரைவுத் தபால் இந்த வேலைக்கு உரியதன்று. 2025 அக்டோபர் முதல் 50 கிராமுக்கு உள்ளூரில் 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி என்றிருக்கும் நிலையில், பெரிய தொகைக்கு வாங்கும் சில வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே அது கட்டுப்படியாகும்.

அச்சகத்தில் கவனிக்க வேண்டியவை

பேரம் பேசும் முன் அளவைச் சரி செய்துகொள்ள வேண்டும். நம் அச்சகங்களில் நோட்டீஸுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 18×23 அங்குல டெம்மித் தாள். அதை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 9×5¾ அங்குலம் வரும். ஓரம் வெட்டிய பின் எட்டரைக்கு ஐந்தரை நிற்கும். வடிவமைப்பாளர் அழகுக்காக 9×6 என்று வைத்துவிட்டால், அதே தாளில் ஆறுதான் தேறும். கால் அங்குல ஆசைக்காகக் காகிதச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஆகவே எந்த அளவில் தாளை வீணாக்காமல் வெட்டலாம் என்று அச்சகத்தாரிடம் முதலில் கேட்டுவிட்டு, அந்த அளவை வடிவமைப்பாளருக்குச் சொல்வதே முறை. நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது.

ஆஃப்செட் அச்சில் பிளேட் என்ற அச்சுத் தகட்டின் செலவு எண்ணிக்கை எவ்வளவானாலும் மாறாது. ஐந்நூறு அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் அதே தொகைதான். ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை கடிதம் அனுப்பும் கடைக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. கடையின் பெயர், சின்னம், முகவரி, வரைபடம், பின்பக்க வண்ணப் படம் ஆகிய மாறாத பகுதிகளை ஓராண்டுத் தேவைக்கும் சேர்த்து ஒரே தடவையில் பல வண்ணத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் மாறும் செய்தியை மட்டும், அந்தந்தச் சமயத்தில் உள்ளூர் அச்சகத்தில் கறுப்பில் மேலச்சு செய்துகொள்ளலாம். இந்தப் பெரிய அச்சைச் சிவகாசியில் கொடுப்பது லாபமாக இருக்கும், காலம் பார்த்துக் கொடுத்தால். ஆடிப்பெருக்கையொட்டிக் காலண்டர் ஆல்பங்கள் வெளியானது முதல் ஆண்டு இறுதி வரை அங்கே காலண்டர், டைரி வேலை நெருக்கும். அந்த நேரத்தில் சிறிய வேலைக்கு விலையும் கூடும், தேதியும் தவறும். மாசி, பங்குனியில் கொடுத்தால் இரண்டும் நமக்கு வசதியாக அமையும். இரண்டாயிரம் தாளுக்காகச் சிவகாசிக்குப் போவது தேவையில்லாத அலைச்சல். லாரி பார்சல் செலவையும் அலையும் நாளையும் சேர்த்துப் பார்த்தால் டவுனில் உள்ள அச்சகமே மலிவாக முடியும்.

வெள்ளைத் தாளில் நான்கு வண்ணம் அடிப்பதற்குப் பதில், மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாளில் ஒரே வண்ணத்தில் அடித்தாலும் கண்ணில் படும். அச்சுக்கு முன் அச்சகத்தார் காட்டும் மெய்ப்பில் உள்ள கடைத் தொலைபேசி எண்ணுக்குப் போன் செய்து பார்த்த பிறகே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் முழு அச்சும் வீண். முறையான ஜிஎஸ்டி பில்லாக வாங்கினால், சாதாரண முறையில் வரி செலுத்தும் கடைக்கு உள்ளீட்டு வரியாக அது திரும்பும். விற்பனைத் தொகையில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதால், அவர் விலையை வரியோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

கூலியும் நேரமும்

மடிப்பது, ஒட்டுவது, முகவரி எழுதுவது ஆகியவற்றைக் கடைப் பணியாளர்களே கூட்டம் குறைந்த மத்தியான வேளைகளில் செய்துவிடலாம். எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டினால், அருகிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கடிதத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பது வேகமாக முடியும். தமிழ்நாட்டுக்குள் போகும் கடிதத்துக்குத் தமிழிலேயே முகவரி எழுதலாம். எழுதி முடித்ததைப் பின்கோடு வாரியாகக் கட்டிக் கொண்டுபோய், காலையிலேயே, முன்னதாகச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் அஞ்சலகத்தில் வரவேற்பார்கள். தெருமுனைத் தபால் பெட்டியில் ஆயிரம் கடிதங்களைத் திணிப்பது யாருக்கும் நல்லதல்ல.

அனுப்பும் நாளைத் தேர்வதும் செலவைக் குறைக்கும்; ஏனெனில் தவறான நாளில் போன கடிதத்துக்கு இரண்டாம் கடிதம் அனுப்ப வேண்டிவரும். ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்கு வருகிற கூட்டத்தையோ, ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்கு வருகிற கூட்டத்தையோ குறிவைக்கிற கடை, கடிதம் பத்து நாளைக்கு முன்பு வீட்டில் இருக்குமாறு அனுப்ப வேண்டும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விரதம் தொடங்கிவிட்ட வீட்டில் அப்போது வேறு வாங்கலைப் பற்றிப் பேச்சு எடுபடாது. ஆனால் தசரா முடிந்ததும் தீபாவளிக் கடிதம் போய்ச் சேர்ந்தால் பலன் உண்டு. மார்கழியில் கல்யாணப் பேச்சு ஓய்ந்திருக்கும். தை பிறந்ததும் நாள் குறிப்பார்கள் என்பதால், பொங்கலுக்கு அடுத்த வாரமே கல்யாணக் கடிதத்துக்கு ஏற்ற நேரம்.

கவரைப் பங்கிட்டுக்கொள்ளுதல்

கல்யாண வீட்டார் ஒரே வாரத்தில் ஜவுளிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் அலைகிறார்கள். போட்டியில்லாத மூன்று கடைகள் சேர்ந்து ஒரே கவரில் மூன்று துண்டுச் சீட்டுகளை வைத்தால், 20 கிராமுக்குள் அடங்கும் கடிதத்தின் தபால் செலவு மூன்றாகப் பிரிந்துவிடும். டெம்மியில் எட்டில் ஒரு பங்குச் சீட்டு 80 ஜிஎஸ்எம்மில் இரண்டரை கிராம்தான். மூன்று சீட்டும் கவரும் சேர்ந்து 13 கிராமுக்குள் முடியும். யாருடைய பட்டியலோ அவர் கடையிலிருந்தே கவர் போக வேண்டும். மற்றவர்கள் சீட்டைக் கொடுத்தால் போதும், முகவரிகள் கைமாற வேண்டியதில்லை. முதலில் இதைச் சொன்னால் பலர் தயங்குவார்கள். ஒரு பருவம் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் தொடர்கிறார்கள்.

புதிதாகத் திறக்கும் கடைக்குப் பட்டியலே இருக்காது. சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, டியூஷன் மையம் போன்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே வாடிக்கையாளர்கள் உள்ள தொழிலுக்கு, முகவரி எழுதிய கடிதம் அனாவசியச் செலவு. அஞ்சல் துறையின் டைரக்ட் போஸ்ட் சேவையில், முகவரி இல்லாத நோட்டீஸை நாம் குறிப்பிடும் பகுதியில் வீடுவீடாகத் தபால்காரரே கொடுப்பார். ஒரு தடவைக்குக் குறைந்தது ஆயிரம் என்பது இதற்கு வகுக்கப்பட்ட நிபந்தனை; கட்டணம் கடிதத் தபால் தலையைவிட வெகுவாகக் குறைவு. நாளிதழ் முகவரிடம் பிட் நோட்டீஸாகக் கொடுப்பது இதைவிட மலிவாகவும் அமையலாம். ஆனால் பத்திரிகை வாங்காத வீடுகளுக்கு அது போகாது. பத்திரிகையைப் பிரிக்கும்போதே கீழே விழுந்துவிடுவதும் உண்டு.

பலனைக் கணக்கெடுத்தல்

எந்தக் கூறுக்கு அனுப்பிய கடிதம் ஆளைக் கொண்டுவந்தது என்று தெரியாவிட்டால், அடுத்த தடவை எதைக் குறைப்பது என்றும் தெரியாது. கடிதத்தின் மூலையில் பட்டியலின் கூறுக்கு ஏற்ப ஓர் எண்ணை அச்சிட்டு, கடிதத்தைக் கொண்டுவந்தால்தான் சலுகை என்று எழுதிவிட வேண்டும். பில் போடுகிறவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடிதத்தை வாங்கி வைத்தால் போதும். இதற்காகத் தனி மென்பொருள் தேவையில்லை. கியூஆர் கோடு வைக்கலாம். ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் ஆச்சி அதை ஸ்கேன் செய்யமாட்டார், கடிதத்தைப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

வழக்கமாக வருகிறவர்களில் நூறு பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவர்களுக்கு மட்டும் அந்தப் பருவத்தில் கடிதம் அனுப்பாமல் விட்டுப் பார்க்க வேண்டும். கடிதம் போன நூறு பேரில் எத்தனை பேர் வந்தார்களோ, ஏறக்குறைய அதே எண்ணிக்கை கடிதம் போகாத நூறு பேரிலும் வந்திருந்தால், அந்தக் கூறுக்குக் கடிதம் தேவையில்லை என்று பொருள். அவர்கள் எப்படியும் வருகிறவர்கள். பெரிய அளவில் புதிய வடிவத்தை முயலும் முன் இருநூறு பேருக்கு அனுப்பிப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கணக்கைக் கடிதம் போய் மூன்று வாரம் கழித்து முடிக்கலாம். அதற்குள் திரும்பி வந்த கவர்களைப் பட்டியலில் திருத்தி, இரண்டு பருவம் தொடர்ந்து பதில் தராத முகவரிகளை ஓராண்டு நிறுத்திவைத்து, அவர்களுக்குத் தைமாதக் கல்யாணக் கடிதத்தை மட்டும் இன்லண்டில் அனுப்பலாம்.